சாவோ1 (மொத்த இன எண்ணிக்கை மதிப்பீடு) நகரவே மாட்டேங்குது, 47-லயே நிக்குது (அவசரம்)

கட்டெறும்பு_பையன்: வால்பாறைப் பக்கம் காட்டுத்துண்டுல எறும்பு எடுத்தோம். கண்டது 47 இனம். கண்ணுல படாததையும் சேர்த்து மொத்தம் எத்தனை இருக்கும்னு மதிப்பிட, ஆர் புள்ளியியல் மென்பொருள்ல வீகன் தொகுப்பு, அதோட எஸ்டிமேட்ஆர் கட்டளையை ஓட்டினா சாவோ1 47, ஏஸ்ங்கற இன்னொரு மதிப்பீடும் 47. எங்க தப்பு? நாளைக்கு கைடுகிட்ட காட்டணும்.

பச்சைத்தவளை: எப்படிப் பிடிச்சீங்க, எத்தனை பொறி? தரவு எண்ணிக்கையா, வெறும் 1/0-வா (இருக்கு/இல்லை)? மொத்தத்துல ஒரே ஒரு எறும்பா வந்த இனம் எத்தனை, ரெண்டா வந்தது எத்தனை?

நுண்குழாய்: மரபணுத் தொடர் தரவுதானே? டாடா2 மென்பொருள் ஒரே ஒரு தடவை வந்த தொடரை, அதாவது ஒற்றைகளைத் தூக்கிடும். அதுக்கு மேல சாவோ1 போடுறதுல அர்த்தமே இல்லை.

கட்டெறும்பு_பையன்: இல்லங்க, மைக்ரோஸ்கோப்ல பிரிச்சது. குழிப்பொறி 24. எண்ணிக்கைதான். ஒற்றை 0, இரட்டை 6.

கணக்குவாத்தியார்: சூத்திரத்தை ஒரு தடவை கையால எழுதியிருந்தா இந்த இழையே தேவையில்லை. கண்ட இனம் + ஒற்றை² ÷ (2 × இரட்டை). ஒற்றை 0, அப்புறம் எதைக் கூட்டும்? புள்ளியியலாளர் ஆன் சாவோ 1984-லயே எழுதியாச்சு.

பச்சைத்தவளை: அதட்டாம சொல்லலாம் சார். தம்பி, இரட்டை 6 இருக்கு, ஒற்றை ஒண்ணுகூட இல்லைன்னா நம்பும்படியா இல்லை. "தப்பா அடையாளம் கண்டது"ன்னு யாரோ வடிகட்டியிருக்காங்க. மூலத் தாளைப் பாருங்க. இன்னொண்ணு, எறும்புக்குத் தலை எண்ணாதீங்க. புற்றுக்குப் பக்கத்துல பொறி அமைஞ்சா ஒரே இனம் 300 விழும். பொறி வரிசையில, இனம் நிரல்ல, 1/0 ஆக்கி வீகனோட ஸ்பெக்பூல் கட்டளையை ஓட்டுங்க.

நுண்குழாய்: ஓட்டி, அதுல வர்ற ஜாக்நைஃப்ங்கற இன்னொரு மதிப்பீட்டு எண்ணை எடுத்துக்கோங்க. சாவோ எப்பவும் கம்மியாத்தான் காட்டும்.

கணக்குவாத்தியார்: சாவோ சொல்றதே கீழ் எல்லைதான் ஐயா, குறைஞ்சது இத்தனை இனம்னு. வீகன்லயே இருக்கிற பாரோ கொலராடோ தீவு மரத்தரவை ஓட்டிப் பாருங்க. பனாமா, 50 ஹெக்டேர், 225 இனம். சாவோ 236, முதல் ஜாக்நைஃப் 246, இரண்டாவது 248. பெரிசா வந்ததாலேயே அது சரியாயிடுமா?

நுண்குழாய்: சின்னதா வந்தாலும் ஆகாது.

கட்டெறும்பு_பையன்: கிடைச்சிடுச்சு! 12 ஒற்றையை அழிச்சிருக்காங்க. சேர்த்தா 59 இனம், சாவோ1 68.4. ஆனா வாத்தியார் சூத்திரத்துல 71 வருதே?

பச்சைத்தவளை: எஸ்டிமேட்ஆர் அந்தச் சூத்திரத்தோட சாய்வு (ஒரே பக்கமா வர்ற பிழை) திருத்தின வடிவத்தைப் போடும்: ஒற்றை × (ஒற்றை − 1) ÷ (2 × (இரட்டை + 1)), அதாவது 12×11 ÷ (2×7) = 9.4. எதைப் போட்டீங்கன்னு அறிக்கையில எழுதிடுங்க. அந்த 12-லயும் அடையாளம் சந்தேகமானதை மறுபடி பார்த்துடுங்க. பொய் ஒற்றை ஒண்ணு சேர்ந்தாலும் மதிப்பு ஏறிடும். 1/0 போட்டீங்களா?