18446744073709551615: உங்கள் கண்ணில் இது எங்கே பட்டது?

நெல்மணி: சதுரங்கக் கட்டத்தில் ஒன்று, இரண்டு, நான்கு என்று இரட்டித்து இரட்டித்து நெல் வைக்கிற கதை எல்லோருக்கும் தெரியும். 64 கட்டத்தின் மொத்தம்தான் இந்த எண். எட்டாம் வகுப்பில் சார் அதைச் சொன்ன அன்று அக்காவின் கால்குலேட்டரில் போட்டேன். 1.844674407, பக்கத்தில் குட்டியாக 19. மிச்ச இலக்கமெல்லாம் எங்கே போச்சு? நோட்டை எடுத்து ஒவ்வொரு கட்டமாக இரட்டித்தேன். 64ஆம் கட்டத்தில் மட்டும் 9223372036854775808. முந்தைய 63 கட்டத்தையும் கூட்டினால் அதைவிட ஒரே ஒரு நெல் குறைவு. ராத்திரி பதினொரு மணிக்கு அந்த ஒரு நெல்லைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

குடோன்வாசி: வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம், நான் எழுதிய இருப்புக் கணக்கு. கடைசிப் பெட்டிக்கு இரண்டு கவுன்டரில் ஒரே நேரத்தில் பில் போட்டுவிட்டார்கள். சுழியத்திலிருந்து ஒன்று கழிந்தது. கணினியில் மைனஸ் இல்லாத 64 பிட் எண் (0, 1 மட்டுமே கொண்ட 64 இலக்கம்) சுழியத்துக்குக் கீழே போக முடியாமல் உச்சிக்குத் தாவிவிடும். சலவை சோப்பு, இருப்பு 18446744073709551615. மேலாளர் கத்தவில்லை. "இவ்வளவையும் எந்த குடோன்ல வச்சிருக்கீங்க தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

பாயசப்பிரியன்: நெல்மணி, அது நெல் இல்லை, அரிசி. கேரளத்து அம்பலப்புழை கோயில் பால்பாயச ஐதிகத்தில் கிருஷ்ணர் ராஜாவிடம் கேட்பது அரிசிதான்.

வாத்தியார்மகள்: கல்லூரிப் போட்டியில் இந்த எண்ணைப் பகா எண்களாக உடைக்கச் சொன்னார்கள். 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று எழுதிப் பேனாவை மூடிவிட்டேன். பக்கத்து மேசைப் பெண் "கடைசியது 641ல் போகும்" என்றாள். போனது! 641 × 6700417. 3, 5, 17 என்று போகும் இந்த வரிசை முழுக்கப் பகா எண்தான் என்று நம்பிய கணிதமேதை ஃபெர்மாவும் சறுக்கிய இடம் அது. 641ஐக் கண்டுபிடித்தவர் ஆய்லர், 1732இல்.

பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்புகிறவர்கள் கேளுங்கள். 2, 3, 5 என்று கண்டபடி வகுக்க விடாதீர்கள். 4294967297ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64ன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே கதை முடிந்தது. அப்புறம், முழு எண்ணை நேராக வகுக்கவும் கூடாது. இரண்டின் 64ஆம் அடுக்கில் ஒன்று குறைவு என்று பார்த்தால் அது இரு வர்க்கங்களின் வித்தியாசம். ஒவ்வொரு முறையும் இரண்டாகப் பிளந்துகொண்டே போகலாம். இதை ஒன்பதாம் வகுப்பிலேயே பழக்கிவிடுங்கள்.

நெல்மணி: 257ஐ ஏன் சோதிக்க வேண்டும்? அதுவும் அதே ஃபெர்மா வரிசைதானே. அந்த வரிசையில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது. வகுத்தால் மீதி 2தான் வரும். ஆக நாலாவது முயற்சி. பாயசப்பிரியன், எங்கள் சார் நெல் என்றுதான் சொன்னார்.

குடோன்வாசி: சரி, அந்த சோப்புக்கு மறுநாள் யாரோ மொத்த ஆர்டர் கொடுத்திருந்தார்கள். அதை நான் இன்னும் சொல்லவே இல்லை.