15 ஆண்டுகள் கடந்த கார்: எந்தப் பழுதை முதலில் சரிசெய்வது?

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் என் தந்தை 2010-இல் வாங்கிய பெட்ரோல் கார் 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 15 ஆண்டுப் பதிவுக்காலம் முடிந்ததும், தகுதிச் சான்று பெற்று மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துவிட்டோம். இப்போது கிளட்ச், டைமிங் பெல்ட் (எஞ்சினின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைந்து இயங்கவைக்கும் பட்டை), முன்பக்க சஸ்பென்ஷன், ஏசி கம்ப்ரஸர், கதவுக்குக் கீழே துருப்பிடித்த தகடு ஆகியவற்றுக்கு மெக்கானிக் 62,000 ரூபாய் மதிப்பிட்டிருக்கிறார். விற்றால் 90,000 ரூபாய்தான் கிடைக்குமாம்.

டைமிங் பெல்ட்டைத் தள்ளிப்போட எனக்குத் துணிவில்லை. ஓடும்போது அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்து, எஞ்சினையே பிரிக்க நேரிடும். அதனுடன் வாட்டர் பம்பையும் மாற்றிவிட்டால், மீண்டும் கழற்றும் கூலி மிச்சமாகும் என்று எண்ணுகிறேன். மேட்டில் எஞ்சின் இரைந்தும் வேகம் கூடாததால் கிளட்ச் தேய்ந்திருப்பதும் தெளிவு. சஸ்பென்ஷன் பாதுகாப்பு சார்ந்தது. ஏசியைத் தள்ளிப்போடலாம், ஆனால் தந்தையை வாரம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதால் அதற்கும் மனம் வரவில்லை.

என்னை மிகவும் கலங்கவைப்பது துருதான். அது அடிப்பாகத்திலும் பரவியிருந்தால் மற்ற செலவுகள் வீணாகும் அல்லவா? தகட்டை வெட்டி வெல்டிங் செய்தவர்கள், அது எத்தனை மழைக்காலம் தாங்கியது என்றும், பழுதுநீக்கிய பழைய கம்ப்ரஸரை நம்பலாமா என்றும் தயவுசெய்து தெரிவியுங்கள்.