மணலில் ஹைட்ரேட், நீரோட்டம்: அளந்து பார்த்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. பினாங்கில் முதுகலை ஆய்வு செய்கிறேன். கடலடி மணலில் மீத்தேன் ஹைட்ரேட் (நீர் மூலக்கூறுகளின் கூண்டுக்குள் மீத்தேன் வாயு சிக்கிய, பனிக்கட்டி போன்ற திண்மம்) உறைந்தால் மணல் வழியே நீரோட்டம் எவ்வளவு குறையும் என்பதுதான் தலைப்பு.

எவ்வளவு உறைகிறது என்பதைவிட எங்கே உறைகிறது என்பதுதான் முக்கியம். மணலின் துளைகளை நேரான குழாய்களாக வைத்துக் கணக்குப் போட்டால், துளையில் பாதி நிரம்பும்போது, மணல் மணிகளின் மேல் படிந்த ஹைட்ரேட் 25 சதவீத ஓட்டத்தை விட்டுவைக்கும். துளையின் நடுவில் வளர்ந்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 3 சதவீதம்தான். நிஜ மணலில் இதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஆசை.

மீத்தேனுக்கு உயர் அழுத்தக் கலம் வேண்டும். அது கைவசம் இல்லை. அதனால் மீத்தேனுக்குப் பதிலாக, நீரோடு சேர்ந்து ஹைட்ரேட் ஆகும் டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற திரவத்தின் நீர்க்கரைசலை எடுத்தேன். சாதாரணக் காற்றழுத்தத்திலேயே 4 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஹைட்ரேட்டாக உறைந்துவிடும். சிக்கல் அப்புறம்தான். வெறும் நீரைச் செலுத்தினால் ஹைட்ரேட் கரைகிறது, அதே கரைசலைச் செலுத்தினால் புதிதாக உறைந்து வழியை அடைக்கிறது. எந்த அளவையும் நம்ப முடியவில்லை.

இப்படி அளந்தவர்கள் எந்தத் திரவத்தைச் செலுத்தினீர்கள்? கோலாலம்பூரில் எண்ணெய்த் துறையில் இருப்பவர்கள் யாராவது உயர் அழுத்தக் கலம் உள்ள ஆய்வுக்கூடத்தைக் கைகாட்ட முடியுமா? நேரில் வந்து பேசவும் தயார்.