பாஸ் கிட்டாரின் ‘நெக் டைவ்’: முன்பாரமா, தலைச்சரிவா?

இழையைத் தொடங்கிய மொழிபெயர்ப்பாளர்:

அன்பர்களுக்கு வணக்கம். பாஸ் கிட்டார் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் கிட்டார்) வாங்குவோருக்கான கையேடு ஒன்று தமிழாகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். எடை பற்றிய இயலில் இரண்டு சொற்களுக்கு வழி தெரியவில்லை. ஒன்று, நின்று வாசிக்கும்போது தோளுக்கு இதமாக இருக்கும் எடை. மற்றது ‘நெக் டைவ்’: தோளில் வாரை மாட்டிக்கொண்டு கையை விட்டதும் கிட்டாரின் கழுத்து தரையைப் பார்த்துச் சரிவது. இப்போதைக்குத் ‘தலைக்கனம்’ என்று போட்டிருக்கிறேன்.

தமிழாசிரியர்:

தலைக்கனம் வேண்டாம். ‘தலைக்கனம் பிடித்த பாஸ்’ என்றால் படிப்பவருக்குச் செருக்குதான் நினைவுக்கு வரும். தலைபாரம் என்றால் ஜலதோஷம். இரண்டு சொல்லும் ஏற்கெனவே வேலையில் இருக்கின்றன.

குறள் 118ஐப் பாருங்கள்: ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’. ‘தூக்கு’ என்ற ஒரு சொல்லுக்கு நிறுத்தல், தொங்கவிடுதல், பாட்டின் தாளக் கூறு என மூன்று பொருளும் உண்டு. நிறுக்கவும் தொங்கவும் இசைக்கவும் ஆன ஒரு பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. சமநிலைக்குச் ‘சீர்தூக்கு’, கழுத்துச் சரிவுக்குத் ‘தலைத்தூக்கு’ என்று வைக்கலாம்.

இயற்பியல் ஆசிரியை:

ஐயா, ‘தூக்கு’ என்றதும் இன்றைய மாணவருக்குக் கயிறுதான் நினைவுக்கு வரும். தலைதூக்குதல் என்றால் மேலெழுவது, நமக்கு வேண்டிய பொருளுக்கு நேர் எதிர்.

கிட்டார் பழுதுபார்ப்பவர்:

சொல்லுக்குப் போகுமுன் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கையேட்டிலேயே தவறு வந்துவிடும். 34 அங்குல நரம்பு நீளமுள்ள நான்கு நரம்பு பாஸ் பெரும்பாலும் 3.6 முதல் 4.5 கிலோவுக்குள் இருக்கும். ஒரே மாதிரியில் வந்த இரண்டுக்குள்ளேயே அரைக் கிலோ வித்தியாசம் வரலாம். மரத்தின் அடர்த்தி துண்டுக்குத் துண்டு மாறுவதுதான் காரணம். அதனால் பட்டியலில் போட்டிருக்கும் எடையை நம்பாமல், பயணப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் அந்தக் குறிப்பிட்ட கிட்டாரையே மாட்டி நிறுக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. எடை குறைந்தால் இதம் கூடும் என்று சொல்ல முடியாது. உடல் இலேசாகி, கழுத்தின் நுனியிலுள்ள தலை அப்படியே இருந்தால் கழுத்து இன்னும் வேகமாகச் சரியும். ஃபெண்டர் பிரிசிஷன் என்ற பாஸில் (1951 முதல்) உடலின் மேற்கொம்பு நீண்டு, வார் மாட்டும் முன்குமிழ் ஏறத்தாழ 12ஆம் மெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) நேரே வந்துவிடுகிறது. கிப்சன் தண்டர்பேர்ட் என்ற பாஸில் (1963) அப்படிப்பட்ட கொம்பே இல்லை. குமிழ் கழுத்து உடலோடு சேரும் இடத்தில், பின்பக்கம் இருக்கிறது. அதனால்தான் கழுத்து சரிவதற்கு அது பெயர்போனது. சரியும் கழுத்தை இடக்கை ஏந்திப் பிடித்தபடியே மெட்டுகளையும் அழுத்த வேண்டியிருக்கும். மணிக்கட்டு வலி அங்கே தொடங்கும்.

தனித்தமிழ் அன்பர்:

பாரம், கனம் இரண்டும் வடசொல். சங்கத் தமிழில் சுமைக்குப் ‘பொறை’ உண்டு. பொறு என்பதே தாங்கு என்பதுதான். தலைப்பொறை என்று எழுதலாம். கூடவே ‘பாஸ்’ எதற்கு? வலிவு (மேல்), மெலிவு (தாழ்), சமன் (நடு) என்று மூன்று இயக்கும், அதாவது சுருதி நிலையும், நமக்கு உண்டே. ‘மெலிவுக் கிட்டார்’ என்போம்.

இயற்பியல் ஆசிரியை:

நாலரைக் கிலோ கருவியை ‘மெலிவு’ என்றால் எடை பற்றிய இயலில் அது மெலிந்த கிட்டார் என்றே படிக்கப்படும். பொறை என்றதும் பொறுமைதான் முந்திக்கொண்டு வரும். பாஸ் என்ற பெயரைத் தனி இழையில் பேசலாமே.

வேளாண் கருவிச் சொற்கள் தொகுப்பவர்:

கட்டைவண்டிக்காரரிடம் இதற்குச் சொல் தயாராக இருக்கிறது: முன்பாரம், பின்பாரம். மூட்டைகளை அச்சுக்கு முன்னால் தள்ளி அடுக்கினால் முன்பாரம், நுகத்தடி மாட்டின் பிடரியை அழுத்தும். பின்னால் தள்ளினால் பின்பாரம், நுகம் மேலெழுந்து பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். வண்டியின் மொத்தச் சுமை மாறுவதில்லை, இடம்தான் மாறுகிறது. மேலே பழுதுபார்ப்பவர் சொன்னதும் இதையேதான். குமிழ்தான் அச்சு, தலைதான் நுகத்தடிப் பக்கம். ‘பாஸில் முன்பாரம் இருக்கிறதா என்று பாருங்கள்’ என்று எழுதினால் அடிக்குறிப்பே தேவைப்படாது.

தமிழாசிரியர்:

‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற குறளுக்கே (475) வந்துவிட்டீர்கள், மகிழ்ச்சி. சாகாடு என்பது வண்டி; மயிற்பீலியே ஆனாலும் அளவு மிஞ்சி ஏற்றினால் அதன் அச்சு முறியும் என்பது பொருள். ஆனால் வள்ளுவர் அங்கே சொல்வது சுமையின் அளவு, நீங்கள் சொல்வது சுமையின் இடம். இன்னொன்று: முற்பகல் போல ‘முற்பாரம்’ என்றல்லவா வர வேண்டும்?

வேளாண் கருவிச் சொற்கள் தொகுப்பவர்:

முன்பணம், முன்பதிவு, முன்பக்கம் எல்லாம் திரியாமலே வழங்குகின்றன, ஐயா. வண்டிக்காரர் வாயில் வருவது முன்பாரம்.

கிட்டார் பழுதுபார்ப்பவர்:

சொல் நன்றாக இருக்கிறது. ஒரே சிக்கல்: கிட்டாரில் ‘முன்’ என்றால் நரம்பு கட்டிய முகப்பு. முன்பாரம் என்றதும் வயிற்றைவிட்டு வெளியே கவிழ்வது என்று சிலர் நினைக்கக்கூடும்.

இயற்பியல் ஆசிரியை:

எனக்கு வேறொரு தயக்கம். முன்பாரம் காரணம், சரிவு விளைவு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது. வழுவழுப்பான நைலான் வாரில் சரியும் அதே பாஸ், உட்புறம் சொரசொரப்பான 8 முதல் 10 செ.மீ. அகலத் தோல் வாரில் சரியாமல் நிற்கலாம். பாரம் மாறவில்லை, உராய்வு மாறியிருக்கிறது. அதனால் நிலைக்கு முன்பாரம், நிகழ்வுக்குத் தலைச்சரிவு.

திருத்தத்துக்கும் கணக்கு இருக்கிறது. 34 அங்குலம் 86.4 செ.மீ. முன்குமிழ் 12ஆம் மெட்டுக்கு நேரே என்றால் அங்கிருந்து தலைப்பக்க நரம்புத் தாங்கி 43 செ.மீ., நரம்பை இறுக்கிச் சுருதி சேர்க்கும் முறுக்காணிகளின் நடு ஏறத்தாழ 53 செ.மீ. நான்கு முறுக்காணியிலும் சேர்த்து 200 கிராம் குறைத்தால், சரிக்கும் பலன் (எடை × தூரம்) 200 × 53 = 10,600 குறையும். மறுபக்கம் குதிரை (உடலில் நரம்புகளைத் தாங்கும் பகுதி) 43 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. அதே பலனை அங்கே பெற ஏறத்தாழ 250 கிராம் ஈயம் கட்ட வேண்டும். முதல் வழியில் தோளில் 200 கிராம் இறங்குகிறது, இரண்டாவதில் 250 கிராம் ஏறுகிறது.

கிட்டார் பழுதுபார்ப்பவர்:

அம்மா சொன்ன கணக்கு கையேட்டில் போக வேண்டியது. இலேசான முறுக்காணி மாற்றுமுன் தண்டின் விட்டத்தையும் தலையில் உள்ள துளையின் விட்டத்தையும் அளக்க வேண்டும். பொருந்தாமல் போவது பெரும்பாலும் அங்கேதான். தலையையே நீக்கிவிட்டால் சிக்கல் வேரோடு போகும். கிட்டார் வடிவமைப்பாளர் நெட் ஸ்டைன்பெர்கர் 1980களின் தொடக்கத்தில் முறுக்காணிகளை உடலின் கடைசிக்குக் கொண்டுபோனதில் இந்தப் பலனும் கிடைத்தது.

கடையில் செய்யும் சோதனை இது. தன் வாரையே கொண்டுபோக வேண்டும், கடை வாரில் சோதித்தால் முடிவு மாறும். வாசிக்கும் உயரத்துக்கு வாரைச் சரிசெய்து, கழுத்தைக் கிடைமட்டத்துக்குச் சற்று மேலே வைத்து, இரு கையையும் எடுத்துவிட வேண்டும். அப்படியே நின்றால் நல்லது. மெதுவாகக் கிடைமட்டத்துக்கு வந்து நின்றாலும் வார் மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் கீழே இறங்கினால் அந்தக் கிட்டாரை வைத்துவிடலாம். பிறகு அரைமணி நேரம் நின்றபடி வாசித்துப் பார்க்க வேண்டும். நாலரைக் கிலோவின் அழுத்தம் ஐந்து நிமிடத்தில் தெரியாது.

மொழிபெயர்ப்பாளர்:

மிக்க நன்றி. ‘இதமான எடை’க்கு யாரும் சொல் தரவில்லையே?

தமிழாசிரியர்:

தோட்சுமை. தோள் + சுமை, ளகரம் டகரமாகும்.

வேளாண் கருவிச் சொற்கள் தொகுப்பவர்:

தோட்சுமை என்றால் தோட்டத்துச் சுமை என்று படிப்பார்கள். ‘தோள்சுமை’ என்றே விடுங்கள்.

தமிழாசிரியர்:

புணர்ச்சியை விட்டுக்கொடுத்தால் நாளை எதையும் விட்டுக்கொடுக்கலாம்.

இயற்பியல் ஆசிரியை:

இதற்குப் புதுச்சொல் எதற்கு? ‘தோள் தாங்கும் எடை’ என்று மூன்று சொல்லில் எழுதினால் போதும். கலைச்சொல் இல்லாமலே புரிகிற இடத்தில் கலைச்சொல் வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்:

இப்படி எழுதி அனுப்புகிறேன்: “எடையை மட்டும் பார்க்க வேண்டாம், முன்பாரம் (எடை தலைப்பக்கம் மிகுந்திருத்தல்) உள்ளதா என்றும் பாருங்கள். முன்பாரம் உள்ள பாஸ், கையை விட்டதும் தலை சரியும்.” முன்பாரத்துக்கு நால்வர் ஆதரவு, தமிழாசிரியர் ஐயா ‘முற்பாரம்’ என்ற திருத்தத்தோடு. ‘தோள் தாங்கும் எடை’ அப்படியே போகிறது.

தனித்தமிழ் அன்பர்:

அந்த நால்வரில் என்னைச் சேர்க்க வேண்டாம். ‘முன்சுமை’ என்றிருந்தால் வண்டிக்காரருக்கும் புரியும், தமிழாகவும் இருக்கும். அடுத்த பதிப்புக்காவது பட்டியலில் குறித்து வையுங்கள்.