முதல் பழைய லேப்டாப்: பென்டியம் எம்எம்எக்ஸா, டி21-ஆ, டி60-ஆ?

விசைப்பலகை:
செகண்ட் ஹேண்டில் முதல் ரெட்ரோ லேப்டாப் வாங்கப் போகிறேன். டாஸ் ஆட்டங்கள், விண்டோஸ் 98 இரண்டும் ஓட வேண்டும். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், சாலிடரிங் இனிமேல்தான் பழக வேண்டும். கண்ணில் பட்டவை மூன்று: பென்டியம் எம்எம்எக்ஸ் 166 ப்ராசசர் போட்ட ஒரு தோஷிபா, ஐபிஎம் திங்க்பேட் டி21, திங்க்பேட் டி60. எதை எடுக்கலாம்?

நான்குக்குமூன்று:
யோசிக்காமல் டி60. 2006-இல் வந்தது. யுஎஸ்பியிலிருந்து பூட் ஆகும், டிஸ்க் இணைப்பு இன்றும் புழங்கும் சாட்டா வகை என்பதால் எந்த 2.5 அங்குல எஸ்எஸ்டியும் உட்காரும். 20 வோல்ட் அடாப்டர் இன்றும் சுலபமாகக் கிடைக்கும். கீபோர்டு, ஃபேன், ஹிஞ்ச் எல்லாம் தனித்தனியாக வாங்கலாம். எந்த ஸ்க்ரூ எங்கே என்று படத்தோடு சொல்லும் பராமரிப்புக் கையேட்டை ஐபிஎம், லெனோவோ இருவருமே வெளியிட்டிருக்கிறார்கள். முதல் பெட்டியைக் கழற்றிப் பூட்டிப் பழக இதைவிட நல்லது இல்லை. வாங்கும்போது இன்டெல் ஜிஎம்ஏ 950 கிராபிக்ஸ் உள்ளதாகப் பாருங்கள். தனி ஏடிஐ சில்லு இருந்தால் சூடு அதிகம், சாலிடர் விடும் வாய்ப்பும் அதிகம். ஆசையில் டி61 பக்கம் போனால் என்விடியா சில்லு உள்ளதைத் தொடாதீர்கள். அந்தக் காலத்து என்விடியா சில்லுகளில் உள்ளே இருக்கும் சாலிடர் மணிகளே விரிசல் விட்டன. இதற்காக 2008-இல் அந்த நிறுவனம் 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. ஹீட் கன் காட்டி எழுப்புவது சில வாரத் தீர்வுதான்.

டாஸ்காரன்:
அவர் கேட்டதையே விட்டுவிட்டீர்களே! டாஸ், விண்டோஸ் 98 என்று தெளிவாக எழுதியிருக்கிறார். ஜிஎம்ஏ 950-க்கு விண்டோஸ் 98 டிரைவர் கிடையாது. டாஸ் ஆட்டங்கள் எதிர்பார்க்கும் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை கிடையாது, ஸ்பீக்கர் பீப் மட்டும்தான் மிஞ்சும். டி60 அருமையான விண்டோஸ் எக்ஸ்பி மெஷின், அதில் சண்டை இல்லை. ஆனால் இந்த வேலைக்கு அது ஆகாது.

எம்எம்எக்ஸை எடுங்கள். அந்தத் தலைமுறையில் ஆடியோ சில்லு பெரும்பாலும் டாஸ் ஆட்டங்கள் நேரடியாகப் பேசும் பழைய ஐஎஸ்ஏ பஸ்ஸில் இருக்கும். ஈஎஸ்எஸ் அல்லது யமஹா ஓபிஎல்3-எஸ்ஏ என்றால் டிரைவர் விளையாட்டே வேண்டாம், முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 என்று ஆட்டத்தின் ஒலி அமைப்பில் கொடுத்தால் ஆட்டம் பேசும். இன்னொரு பெரிய வசதி வேகக் கட்டுப்பாடு, பழைய ஆட்டங்கள் சில வேகமான மெஷினில் தலைதெறிக்க ஓடும். பென்டியம், எம்எம்எக்ஸ் இரண்டிலும் செட்மல் என்ற சின்ன நிரலால் எல்1 கேஷ், பிராஞ்ச் பிரெடிக்ஷன், வி பைப் ஆகிய ப்ராசசரின் வேகக் கூட்டிகளைத் தனித்தனியாக அணைக்கலாம். ஒவ்வொன்றாக அணைத்தால் 486, 386 வேகம் வரை படிப்படியாக இறங்கும். பென்டியம் 2-இலிருந்து இந்தப் படிகள் கிடையாது, கேஷை மொத்தமாக அணைத்தால் ஆமை, விட்டால் முயல். டர்போ பாஸ்கலில் எழுதிய பழைய நிரல்கள் 200 மெகாஹெர்ட்ஸ் தாண்டினாலே 'ரன்டைம் எரர் 200' என்று விழும். தாமதக் கணக்கு போடும் இடத்தில் வகுத்தல் நிரம்பி வழிவதுதான் காரணம்.

நான்குக்குமூன்று:
சவுண்ட் பிளாஸ்டரைப் போல நடிக்கும் எஸ்பிஇமு நிரல் வந்த பிறகு டி60-இன் எச்டி ஆடியோ சில்லிலும் அந்த ஒலி கிடைக்கிறதே, டாஸில் ஒலியே வராது என்பது பழைய கதை. விண்டோஸ் 98 விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 25 ஆண்டு தாண்டிய தோஷிபாவை முதன்முதலாக வாங்குகிறவர் தலையில் கட்டுகிறீர்களே, உள்ளே இருக்கும் நிக்கல் பேட்டரி என்ன செய்திருக்கும் என்று சொல்ல வேண்டாமா?

டாஸ்காரன்:
எஸ்பிஇமு போர்ட் அழைப்புகளை இடைமறித்துப் பிடிக்கிறது. அதற்கு ஈஎம்எம்386 மாதிரி ஒரு மெமரி மேனேஜர் கூடவே நிற்க வேண்டும். அது இருந்தாலே ஓடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஆட்டங்கள் உண்டு. நிஜச் சில்லுக்கு அது மாற்று ஆகாது. பேட்டரி பற்றிய எச்சரிக்கை நியாயம்தான்.

சாலிடர்முனை:
அதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். மாடலைவிட நிலைமை முக்கியம். தோஷிபா உள்ளே கடிகாரத்துக்கு ஒன்று, ஸ்டாண்ட்பைக்கு ஒன்று என்று சுருங்கு உறை போட்ட நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் இருக்கும். ஆண்டுகள் போனால் காரக் கசிவு வரும். கசிந்தது ஒயர் வழியாகவே ஊர்ந்து கனெக்டருக்குப் போய், பச்சைப் பூச்சுக்கு அடியில் புகுந்து செப்புத் தடத்தை அரிக்கும். வெளியே மெஷின் பளபளவென்று இருக்கும், பூட் கூட ஆகும். ஆறு மாதம் கழித்து கீபோர்டில் ஒரு வரிசை சாகும்.

வாங்கியதும் ஆன் செய்து பார்க்காதீர்கள். திறந்து, அந்த இரண்டையும் கழற்றிவிட்டுத்தான் மின்சாரம். அவை இல்லாமலும் பெரும்பாலான மெஷின் ஓடும், ஒவ்வொரு முறையும் தேதி மறக்கும், அவ்வளவுதான். பச்சைப் பொடி தெரிந்தால் வினிகரைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு நுரை அடங்கும் வரை துடைத்து, தண்ணீரால் எடுத்து, கடைசியாக 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால். நன்றாகக் காய்ந்த பிறகு தடங்களை மல்டிமீட்டர் பீப்பில் பாருங்கள்.

அடுத்தது ஹிஞ்ச், அதாவது திரை மூடியின் கீல். பித்தளை நட்டைப் பிளாஸ்டிக்கில் பதித்திருப்பார்கள். கிரீஸ் இறுகிப்போக, பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகிவிட, மூடியைத் திறக்கும் ஒரே இழுப்பில் நட்டு பிய்ந்து வரும். முதல் தடவை இரண்டு கையாலும், ஹிஞ்சுக்கு அருகில் பிடித்து, கால்வாசி மட்டும் திறந்து பாருங்கள். முரண்டு பிடித்தால் நிறுத்தி எண்ணெய் விடுங்கள்.

விசைப்பலகை:
இதைப் படித்த பிறகு டி21 நடுவழியாகத் தெரிகிறது. அதில் என்ன சிக்கல்? இன்னொன்று, டி60 விற்பவர் "பயாஸ் பாஸ்வேர்டு மட்டும் தெரியாது, பேட்டரியைக் கழற்றினால் போய்விடும்" என்கிறார்.

சாலிடர்முனை:
போகாது. திங்க்பேடில் பயாஸ் அமைப்பைப் பூட்டும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு, மின்சாரம் போனாலும் அழியாத ஈஈப்ராம் சில்லில் இருக்கிறது, சிமாஸ் (கடிகார) பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தச் சில்லைப் படிக்கும் கருவியும் கையும் இல்லாதவர் வாங்கக் கூடாது. எந்தத் திங்க்பேட் ஆனாலும் விற்பவரை எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் போகச் சொல்லுங்கள். திரை வந்தால் மட்டும் போதாது, பூட் வரிசையை மாற்றிச் சேமித்துக் காட்ட வேண்டும். பாஸ்வேர்டு இருந்தாலும் சில மாடல்கள் உள்ளே பார்க்கவிடும், மாற்றத்தான் விடாது.

டாஸ்காரன்:
டி21 நல்ல விண்டோஸ் 98 மெஷின், இதை மறுக்க மாட்டேன். பென்டியம் 3, எஸ்3 சாவேஜ் கிராபிக்ஸ், அதிகபட்சம் 512 எம்பி ரேம். விண்டோஸ் 98-க்கு அதற்குமேல் வைத்தாலே தகராறு, ஆக அது குறையே இல்லை. ரேம் வாங்கும்போது 256 எம்பி பலகையில் 16 சில்லு இருக்க வேண்டும். 8 சில்லு உள்ளதைப் போட்டால் பாதிதான் தெரியும். ஆனால் ஒலி ஐஎஸ்ஏ அல்ல, பிசிஐ பஸ்ஸில் உள்ள சில்லு. விண்டோஸ் 98-இன் டாஸ் ஜன்னலில் சரியாக வரும், வெறும் டாஸில் எமுலேஷனை நம்பித்தான். 640×480 படத்தை 1024×768 திரையில் இழுத்தால் எழுத்து மங்கும், இழுக்காவிட்டால் நடுவில் சின்னச் சதுரம். 800×600 திரையில் இந்தத் தொல்லை குறைவு.

நான்குக்குமூன்று:
டி21-இல் பவர் பட்டனை அழுத்தியதும் விளக்குகள் ஒருமுறை மின்னி அணைந்தால் ஒதுங்குங்கள். டி20 வரிசைக்கே பெயர்போன போர்டு கோளாறு அது. இவர் விண்டோஸ் 98-ஐ விடமாட்டார் என்றால் டி60-ஐ நான் வற்புறுத்தவில்லை. ஆனால் சாலிடரிங் தெரியாதவருக்கு எம்எம்எக்ஸ் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. டி21-இல் கடிகார பேட்டரி லித்தியம் நாணயம், கசிந்து போர்டை அரிக்கும் பயம் குறைவு.

டாஸ்காரன்:
பேட்டரி இடத்தைத் திறந்து படம் அனுப்புகிறவரிடம் வாங்கினால் எம்எம்எக்ஸுக்கும் சாலிடர் தேவைப்படாது. கனெக்டரைப் பிடுங்கினால் போதும். என் ஓட்டு அதற்கே.

விசைப்பலகை:
சரி, டி21-ஐக் கேட்டுப் பார்க்கிறேன். சுத்தமான படத்தோடு எம்எம்எக்ஸ் வந்தால் அதையும் விடமாட்டேன். விற்பவரிடம் வேறு என்ன படம் கேட்பது? டிஸ்க் மாற்றுவது எப்படி?

சாலிடர்முனை:
வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று முழுத்திரை படங்கள் மூன்று. ஆன் செய்து ஒரு நிமிடத்துக்குப் பிறகும் வெள்ளை இளஞ்சிவப்பாக இருந்தால் பேக்லைட் குழாய் முடிவை நெருங்குகிறது. திரையில் புளித்த வாடை உண்டா என்று கேளுங்கள், வந்தால் திரைமேல் ஒட்டிய போலரைசர் படலம் சிதைகிறது. பாதி திறந்த நிலையில் இரண்டு ஹிஞ்சும், அடிப்பக்க லேபிளும், அடாப்டர் லேபிளும் வேண்டும். டி21-க்கு 16 வோல்ட், அந்தத் தோஷிபாக்களுக்குப் பொதுவாக 15. அடாப்டர் இல்லாமல் வந்தால் வோல்ட், பின்னின் நடு எது என்ற துருவம் இரண்டையும் லேபிளில் பார்த்த பிறகே வேறொன்றைச் செருகுங்கள்.

டாஸ்காரன்:
டிஸ்குக்கு, பழைய லேப்டாப் டிஸ்க் இணைப்பான 44 பின் ஐடிஇ-யில் கம்பேக்ட் ஃப்ளாஷ் மெமரி அட்டையைப் பொருத்தும் அடாப்டர் போதும். எம்எம்எக்ஸ் பயாஸ்கள் பல 8.4 ஜிபிக்கு மேல் பார்க்காது, எனவே 4 ஜிபி அட்டை, அதில் டாஸ் படிக்கும் ஃபாட்16 முறையில் 2 ஜிபி வீதம் இரண்டு பகுதி. எல்லாம் சரியாக இருந்தும் பூட் ஆகாவிட்டால் அட்டையில் பூட் கோடு இருக்காது, ஃப்ளாப்பியிலிருந்து எஃப்டிஸ்க் /எம்பிஆர் கொடுங்கள். கோப்பு கடத்த இன்னொரு அட்டையைப் பிசி கார்டு அடாப்டரில் போட்டுப் பக்கவாட்டில் செருகினால் விண்டோஸ் 98 தானாகவே டிரைவ் எழுத்து கொடுத்துவிடும்.

நான்குக்குமூன்று:
ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எதை வாங்கினாலும் பழைய லித்தியம் பேக்கை மெஷினில் விட்டு சார்ஜ் போட வேண்டாம். முழுக்க இறங்கிப்போன செல்லை மறுபடி ஏற்றுவது தீ ஆபத்து. அதைக் கழற்றிவிட்டு அடாப்டரிலேயே ஓட்டுங்கள்.