புதுப்பிப்பு: எஸ்எஸ்டி வாங்கியாச்சு
என் பழைய கணினிக்கு எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு டிரைவ்) வாங்க நினைத்து, பழைய சாட்டா இணைப்பில் வருவதா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மதர்போர்டு கையேட்டைப் பார்த்தேன்: என்விஎம்இ டிரைவைச் செருகும் எம்.2 ஸ்லாட் பிசிஐஇ 3.0 (அந்த இணைப்பின் மூன்றாம் தலைமுறை), நான்கு லேன் (தரவு போகும் பாதை). அதனால் அடுத்த தலைமுறையான ஜென் 4 டிரைவ் போட்டாலும் வேகம் நொடிக்குச் சுமார் 3,500 எம்பியோடு நின்றுவிடும். சாட்டாவின் 550 எம்பியோடு ஒப்பிட்டால் அதுவே தாராளம்.

அதிகம் யோசித்தது டிஎல்சியா, கியூஎல்சியா என்பதில்தான்; இரண்டும் எஸ்எஸ்டியின் நினைவக சிப் வகைகள். டிஎல்சி ஒரு செல்லில் (தரவு தங்கும் மிகச் சிறிய இடம்) 3 பிட் வைக்கிறது; கியூஎல்சி 4 பிட் வைக்கிறது, விலை குறைவு. ஆனால் பெரிய கோப்புகளை எழுதும்போது கேஷ் (டிரைவில் உள்ள வேகமான தற்காலிக இடம்) நிறைந்ததும் வேகம் சட்டென்று விழுந்துவிடும். அடிக்கடி வீடியோக்களை நகர்த்தும் எனக்கு அது ஒத்துவராது. சரி, 1 டிபி டிஎல்சியே எடுத்துவிட்டேன். டிரைவுக்கென்று தனி டிராம் (வேகமான தற்காலிக நினைவகம்) இல்லாத மாடல்தான்; கணினியின் ரேமில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் எச்எம்பி வசதி இருப்பதால் அன்றாட வேலையில் குறை தெரியவில்லை. பழைய ஹார்டு டிஸ்க் இனி பேக்கப்புக்கு மட்டும்.