'புரோஃபிலாக்சிஸ்': சதுரங்கத்துக்குத் தமிழ்ச்சொல் வேண்டும், வெள்ளிக்குள்

கோவை:
அனைவருக்கும் வணக்கம். பள்ளி மாணவர்களுக்கான சதுரங்கப் பயிற்சி ஏடு ஒன்று தமிழில் வருகிறது. கிராண்ட்மாஸ்டர் ஆட்டங்கள் 12, அவற்றைப் பிரித்துப் படிக்கும் முறையோடு. யானை, குதிரை, பிஷப், சிப்பாய் எல்லாம் வழக்கில் உள்ளபடியே. 'புரோஃபிலாக்சிஸ்' மட்டும் 31 இடங்களில் அப்படியே நிற்கிறது. சதுரங்க ஆசிரியரும் ஆட்டக்காரருமான நிம்சோவிச் சதுரங்கத்துக்குள் கொண்டுவந்த சொல்: எதிராளி செய்ய நினைப்பதைக் கண்டுபிடித்து, அவர் செய்வதற்கு முன்பே வழியை அடைப்பது. ஏட்டில் உள்ள பயிற்சி இது. மீதி நகர்வுகளைத் தாளால் மூடு. ஒவ்வொரு நகர்வுக்கு முன்னும் 'இது எதிராளியின் முறையாக இருந்தால் எதை ஆடுவார்?' என்று ஒரு வரி எழுது. 20 நிமிடம் கழித்துத்தான் எஞ்சினை (நகர்வுகளை ஆராயும் கணினி நிரலை) திற. அந்த வரிக்குத் தலைப்பாக வரவேண்டிய சொல். எட்டாம் வகுப்புக்குப் புரிய வேண்டும்.

மதுரை:
தேடவே வேண்டாம். 'வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை' (குறள் 435). ஆகவே 'வருமுன்காப்பு'. கிரேக்கத்தில் 'புரோ' முன், 'ஃபிலாக்ஸ்' காவலன். உறுப்புக்கு உறுப்பு பொருந்துகிறது. 429-ஐயும் பாருங்கள்: 'எதிரதாக் காக்கும் அறிவினார்க் கில்லை அதிர வருவதோர் நோய்.' மருத்துவத்திலிருந்து சதுரங்கத்துக்குப் போன சொல்லுக்கு நோயையே பேசும் குறள் கிடைக்கிறது.

சென்னை:
ஐயா, 'வருமுன்காப்பு' என்றதும் பிள்ளைகளுக்கு மருத்துவ முகாம்தான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல் 'காப்பு'. அந்தச் சொல்லைக் கேட்டாலே மாணவர்கள் ராஜாவைச் சுற்றிக் காய்களைக் குவிக்கிறார்கள். ஏட்டில் உள்ள கார்ப்போவ்–உன்சிக்கர் ஆட்டத்தை எடுங்கள், நீஸ் ஒலிம்பியாட், 1974. ஏ வரிசை (பலகையின் ஓரத்துச் செங்குத்து வரிசை) திறந்திருக்கிறது, யானைகள் நேருக்கு நேர். இட நெருக்கடியில் இருப்பது கறுப்பு. யானைகளை வெட்டி மாற்றிக்கொண்டால் அதற்கு மூச்சு வரும். 24ஆம் நகர்வில் வெள்ளை பிஷப்பை அந்த வரிசையின் ஏ7 கட்டத்தில் கொண்டுபோய் வைக்கிறது. வரிசை அடைபட்டது, மாற்றம் நின்றது. அந்தப் பிஷப்பின் மறைவில் வெள்ளை தன் யானைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திவிட்டு, ராஜா பக்கம் எஃப் சிப்பாயைத் தள்ளி வெல்கிறது. அந்த நகர்வு எந்தக் காயைக் காத்தது? எதையும் இல்லை. என் பரிந்துரை 'திட்டத்தடை'.

தஞ்சாவூர்:
'காப்பு' போதாது என்றால் 'கடி' இருக்கிறது. தொல்காப்பியர் உரியியலில் இதற்குப் பத்துப் பொருள் தருகிறார். கூர்மை, காப்பு, விரைவு, அச்சம் எல்லாம் அதில் உண்டு. கடிநகர், கடிமரம் இரண்டிலும் காவல்தான். வினையாக வந்தால் விலக்குதல்: மதுரை ஐயா காட்டிய 435 நிற்கும் அதிகாரமே 'குற்றங்கடிதல்'. தடையில்லாமல் முன்னேறும் சிப்பாயை நிம்சோவிச் குற்றவாளி என்றார், பூட்டிவைக்கச் சொன்னார். குற்றம், காவல், விலக்கல் மூன்றும் ஒரே சொல்லில் நிற்கின்றன. 'கடிநகர்வு'.

சென்னை:
எட்டாம் வகுப்பில் கடி என்றால் பல்லால் கடிப்பதுதான். ஏற்க முடியாது.

யாழ்ப்பாணம்:
'திட்டத்தடை'யில் யாருடைய திட்டம் என்பது தெரியவில்லை. தன் திட்டத்துக்கே தடை என்றும் வாசிக்கலாம். இங்கே 'முற்பாதுகாப்பு நடவடிக்கை' என்பது அன்றாடச் சொல். சுருக்கினால் 'முற்காப்பு'. பொற்குடம் போல முன்+காப்பு. முற்காப்பு நகர்வு, முற்காப்புச் சிந்தனை என்று கிளைக்கவும் செய்யும். 31 இடங்களும் ஒரே இலக்கணத்தில் வரா; கிளைக்காத சொல் அச்சில் உடைந்துவிடும்.

தஞ்சாவூர்:
வெள்ளம் வருமுன் அணை என்பதை வைத்து 'முன்னணை' எனலாமா?

யாழ்ப்பாணம்:
முன்னணை மாட்டுக்குத் தீனி வைக்கும் இடம், ஐயா. விவிலியத்தில் குழந்தை இயேசுவைக் கிடத்திய இடம்.

மதுரை:
'முற்காப்பு' என்றால் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய்கள் என்று தோன்றும். 'தற்காப்பு' என்ற ஒலியும் கூடவே வரும். சென்னை நண்பர் அஞ்சியது இதைத்தானே? 429-இலிருந்தே 'எதிர்காப்பு' எடுக்கலாம். எதிர்வது வரப்போவது, எதிரில் இருப்பவரும் அதில் தொனிக்கிறார். இரண்டும் இந்தக் கருத்துக்கு வேண்டும்.

யாழ்ப்பாணம்:
ககரம் மிகுமா? 'எதிர்க்கட்சி' போல 'எதிர்க்காப்பு' என்றால் பொருள் வேறாகிவிடும். 'எதிர்காலம்' போல வினைத்தொகையாகக் கொண்டால், எதிர்வது காப்பு என்று ஆகிறது. எதிர்வது ஆபத்தல்லவா?

மதுரை:
எதிர்வதைக் காக்கும் காப்பு என்று விரித்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணம்:
அப்படி விரித்தால் அது வினைத்தொகையாகாது. ஒற்று மிகாததற்கு வேறு காரணம் காட்ட வேண்டும்.

சிங்கப்பூர்:
சொல்லுக்கு முன் பொருளின் எல்லையைச் சரிசெய்யுங்கள். ஏட்டில் ரெஷெவ்ஸ்கி–பெட்ரோசியான், சூரிச், 1953 ஆட்டத்துக்கும் இதே பெயர் போட்டிருக்கிறார்கள். அங்கே வெள்ளையின் டி, இ சிப்பாய்கள் ஏற்கெனவே நடுவில் முன்னேறத் தயார். கறுப்புக் குதிரைக்கு இ7 வழியாக டி5 போக வேண்டும், இ7-இல் சொந்த யானை நிற்கிறது. 25ஆம் நகர்வில் கறுப்பு ஆடும் பெட்ரோசியான் யானையை இ6-இல் வைத்து, பிஷப்புக்கு விலையாகக் கொடுத்து, குதிரையை டி5-இல் உட்காரவைத்துச் சிப்பாய்களை நிறுத்துகிறார், ஆட்டம் டிரா. கண்முன் நிற்பதை நிறுத்துவது அடைப்பு. இன்னும் வராததை வரவிடாமல் செய்வது வேறு. நிம்சோவிச் இரண்டையும் அருகருகே வைத்தார் என்றாலும், படிக்கிறவர் பிரித்தறிய வேண்டும்.

இன்னொன்று. லிச்செஸ் சதுரங்க இணையதளத்தின் ஆய்வுப் பலகையில் எக்ஸ் விசையை அழுத்தினால் எதிராளியின் மிரட்டலைக் காட்டும். மாணவர்கள் அதையே பதிலாக எழுதிவிடுவார்கள். அது உடனடி மிரட்டல் மட்டுமே. ஐந்தாறு நகர்வு தள்ளி வரும் திட்டத்தை எடுத்துச் சொல்லாது. ராஜாவுக்கு செக் இருக்கும்போது 'இது எதிராளியின் முறையாக இருந்தால்' என்று கேட்கும் உத்தியே பொருந்தாது. எதை நகர்த்தினாலும் கெடும் இறுதிநிலைகளில், முறையைக் கைமாற்றிப் பார்ப்பது தவறான விடையைத் தரும். இதை ஏட்டில் எழுதுங்கள். சொல்லைப் பொறுத்தவரை 'புரோஃபிலாக்சிஸ்' இருக்கட்டும். நாளை அவர்கள் படிக்கும் உரைகளிலெல்லாம் அதுதான் இருக்கும்.

கோவை:
சிங்கப்பூர் நண்பருக்கு மிக்க நன்றி; சூரிச் ஆட்டத்தை 'அடைப்பு' என்று மாற்றிவிட்டோம், எக்ஸ் விசை பற்றிய எச்சரிக்கையையும் சேர்த்தாயிற்று. நாளை காலை அச்சகம். ஆறு பேரில் நாலு பேர் முற்காப்புக்கு ஒத்துக்கொண்டார்கள், சென்னை நண்பர் அரைமனதாக. முதல் இடத்தில் மட்டும் புரோஃபிலாக்சிஸ் பக்கத்தில் வரும்.

மதுரை:
ஏ7-க்குக் கீழே 'முற்காப்பு' என்று அச்சாவதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே மட்டுமாவது 'எதிர்காப்பு' போடுங்கள். ஒற்றுக்கு விடை இன்றிரவு எழுதுகிறேன்.